வண்டியின் முகம்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது முதுமொழி. மனிதருக்கு முகம் எப்படியோ, மோட்டார் வண்டிக்கு டேஷ்போர்டு அப்படி. உள்ளே எஞ்சின் கொதிக்கிறதா, டீசல் தீரப்போகிறதா, ஆயில் போதுமா, பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறதா என்பதையெல்லாம் ஓட்டுபவருக்குச் சொல்லும் முகம் அது. எங்கள் வீட்டுப் பழைய பிக்கப் வண்டிக்கு அந்த முகத்தை மாற்ற, சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் பட்ட பாட்டையே இங்கு எழுத முன்வந்துள்ளோம். ‘பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் தோழியர் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. அப்பாவுக்கு மீன் ஏற்றிச் செல்லும் தொழில். விசைப்படகுகள் இரவில் கரை திரும்பியதும் துறைமுகத்தில் ஏலம் நடக்கும். ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டுப் பெட்டிகளில் அடுக்கி, விடியுமுன் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பார் அப்பா. சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரம். 2003ஆம் ஆண்டில், நாங்கள் பிறப்பதற்கு முன்பே, வாங்கிய வண்டி அது. ‘இவன்தான் உங்களுக்கு அண்ணன்’ என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார்.

எங்கள் அண்ணனின் முகம் பார்க்கச் சகிக்காமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. டேஷ்போர்டின் மேல்தோல் ஆற்று வண்டல் காய்ந்து வெடித்ததுபோல் பிளந்து கிடந்தது. பிளவுகளில் மஞ்சள் நிறப் பஞ்சு தெரிந்தது. தொட்டால் பொடிப் பொடியாய் உதிர்ந்தது. ஒரு பக்கத்துக் கால் ஒடிந்து, மீட்டர் போர்டு கீழே இறங்கியிருந்தது. முட்களோ நினைத்தபடி ஆடின. டேங்க் காலியாக இருக்கும்போது நிறைந்திருப்பதாகக் காட்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கொதிப்பதாகக் காட்டும். முகப்பு விளக்கைப் போட்டால் எல்லா முட்களும் ஒன்றாகத் துள்ளும்.

அப்பா அதைப் பொருட்படுத்தியதேயில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வேகத்தைச் சொல்வார். மூக்கை உறிஞ்சிப் பார்த்து, ‘தண்ணீர் குறைகிறது’ என்பார். பானெட்டைத் திறந்தால் குறைந்தே இருக்கும். டீசலுக்குக் கணக்கு அவர் மனத்தில் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வண்டியை ஓட்டியவருக்கு முள் எதற்கு?

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, சந்தையிலிருந்து திரும்பி வந்த அப்பா, தேநீர் தம்ளரை எடுக்கக் கை நீட்டினார். கை எழவில்லை. ஏதோ சொல்ல முயன்றார்; வாயிலிருந்து சொல் வரவில்லை. பக்கவாதம் என்றார்கள். வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன, பேச்சு போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாட்கள் இருந்து வீடு திரும்பியபோது கைத்தடி ஊன்றி நடந்தார். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. ஆனால் அவர் சொல்ல நினைத்தது மட்டும் நாவில் வந்து நின்றுவிடும். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடலின் வலப்பக்கமும், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் பாதிக்கப்படும் என்று மருத்துவர் விளக்கினார். பயிற்சியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றும் தைரியம் சொன்னார்.

வண்டி வாசலில் நின்றது. காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து எடைக்குக் கேட்டார். அம்மா அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. மறுநாள் காலையில், “வண்டியைக் கொடுக்கப் போவதில்லை. நான் ஓட்டுகிறேன்” என்றார்.

திருமணமான புதிதில் அப்பாவே அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து, இலகு ரக வாகன உரிமம் எடுத்துக் கொடுத்திருந்தார். அது பெட்டியில் பத்திரமாக இருந்தது. தவறாமல் புதுப்பித்தும் வந்திருந்தார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை அந்த உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே சட்டம் தடையாக இல்லை. தடையாக இருந்தது டேஷ்போர்டுதான்!

ஆம் தோழியரே! அப்பாவின் காதும் மூக்கும் அம்மாவுக்கு இல்லை. “எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று கேட்டால் அப்பாவால் சொல்லவும் இயலவில்லை. இருபது ஆண்டு அனுபவம் அவருக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. அம்மாவுக்கு உண்மை பேசும் முள் வேண்டியிருந்தது. அதோடு, ஜூன் மாதக் கடைசியில் எஃப்.சி.க்கு வண்டியைக் காட்ட வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஒவ்வோர் ஆண்டும் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும் அல்லவா?

எங்கள் தெருவில் வண்டி வயரிங் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, “தங்கச்சி, இதைக் கழற்றி மாட்ட நான்கு நாள் ஆகும். எனக்கு இப்போது கையில் வேலை நிறைய. பழைய டேஷ்போர்டு ஒன்று மதுரையில் கிடைக்கும், சொல்லி வைக்கிறேன். கழற்றுகிற வேலையைப் பிள்ளைகளே பார்க்கலாம், சிக்கல் என்றால் என்னைக் கூப்பிடட்டும்” என்றார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக்காலம். வண்டிக்கும் ஓய்வு, எங்களுக்கும் விடுமுறை. மே மாதத்தின் முதல் திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினோம். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, அப்பாவுக்கு நாற்காலி போட்டோம்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினோம். மின்சாரம் உள்ளவரை ஒயரில் கை வைக்கக்கூடாது என்பது அண்ணாச்சியின் முதல் பாடம். எங்கள் வண்டியில் ஏர்பேக் கிடையாது. ஏர்பேக் உள்ள வண்டியில் இந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது. அது வெடித்து விரியும் பொருள். இதைத் தோழியர் மறக்க வேண்டாம்.

பிறகு செல்பேசியில் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு கப்ளரையும் பிரிக்குமுன் அதன் இரு பாதிகளிலும் பிளாஸ்திரி ஒட்டி ஒரே எண்ணை எழுதினோம். பதினேழு கப்ளர்கள் வந்தன. கழற்றிய திருகுகளைப் போட்டு வைக்க இளையவள் ஒரு வழி கண்டாள். அம்மாவின் இட்லித் தட்டைக் கொண்டுவந்து, ஒவ்வொரு குழியிலும் ஓர் இடத்துத் திருகுகளை இட்டாள். மூன்று நாட்கள் எங்கள் வீட்டில் இட்லி இல்லை!

மீட்டரின் பின்னால் கைவிட்டு ஸ்பீடோமீட்டர் கேபிளைத் திருகி எடுத்தோம். ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்திச் சற்றே கீழே இறக்கினோம். முன்கண்ணாடியின் அடியில் வரிசையாக இருந்த திருகுகளே எங்களை அழவைத்தவை. கடற்காற்றும் மீன்பெட்டி உப்புத் தண்ணீரும் அவற்றைத் துருவேற்றியிருந்தன. துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் திருப்புளியை வைத்து மெல்லத் தட்டித் திருப்பினோம். இரண்டு திருகுகளின் தலை அறுந்துபோயிற்று. மூத்தவளின் கை கண்ணாடி விளிம்பில் கிழிந்தது. “போதும், விட்டுவிடுங்கள்” என்றார் அம்மா. அப்பாவோ நாற்காலியிலிருந்து இடக்கையை ஆட்டி, ‘இன்னும், இன்னும்’ என்று சைகை செய்தார்.

இறுதியில் டேஷ்போர்டு ஒரே துண்டாக வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு சிறு பொருட்காட்சியே இருந்தது. மீன் ஏலச் சீட்டுகள், 2011ஆம் ஆண்டில் செல்லாமல் போன 25 காசு நாணயம் இரண்டு, இளையவள் முதல் வகுப்பில் தொலைத்து அடி வாங்கிய சிவப்பு ஹேர்கிளிப்! கையுறைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து. ஆயில் மாற்றிய ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரைக் குறித்திருந்தார். முதல் வரி நாங்கள் பிறக்குமுன் எழுதியது. அந்த மூடியைக் கையில் கொடுத்ததும் அப்பா வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

மதுரையிலிருந்து பார்சல் வர ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை சும்மா இராமல், எங்களுக்குத் தோன்றிய ஐயங்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டோம். டேஷ்போர்டு ஏன் வெடிக்கிறது? எங்கள் வேதியியல் ஆசிரியை தொலைபேசியில் சொன்னார். மேல்தோல் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். அது இயல்பில் விறைப்பானது. வளைந்து கொடுப்பதற்காக அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். வெயில் காயக் காய அந்தப் பொருள் ஆவியாகி வெளியேறும். தோல் சுருங்கி வெடிக்கும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் எத்தனை துடைத்தாலும் மீண்டும் படியும் மங்கலான பிசுக்கு இருக்கிறதே, அதில் ஒரு பகுதி இப்படி வெளியேறியதுதானாம்! நிழலில் நிறுத்துவதும், துணியால் மூடுவதுமே மருந்து என்றார்.

‘டேஷ்போர்டு’ என்ற பெயர் குதிரை வண்டிக் காலத்தது என்றும் அறிந்தோம். குதிரையின் குளம்பிலிருந்து தெறிக்கும் சேறு வண்டியில் இருப்பவர்மேல் படாமல் இருக்க முன்னால் வைத்த பலகைக்கே அந்தப் பெயர். குதிரை போயிற்று; பெயர் நின்றது. கேபிளால் இயங்கும் ஸ்பீடோமீட்டருக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷூல்ட்ஸே 1902ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைச் சுற்றியுள்ள அலுமினியக் கிண்ணத்தில் மின்னோட்டம் தோன்றும். கிண்ணம் காந்தத்தின் பின்னே இழுபடும். மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியில் முள் எங்கு நிற்கிறதோ அதுவே வேகம். எங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் மின்காந்தத் தூண்டல், அப்பாவின் வண்டியில் இத்தனை நாள் சுழன்றுகொண்டிருந்திருக்கிறது!

இன்னொரு செய்தி எங்கள் மனத்தைத் தொட்டது. பழைய கார்களின் டேஷ்போர்டு வெறும் இரும்பாலும் துருத்திய குமிழ்களாலும் ஆனது. வண்டி மோதினால் முன்னிருக்கையில் இருப்பவரின் முகம் அதில் போய் மோதும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அப்படிச் சிதைந்த முகங்களைச் சீர்செய்து வந்த கிளேர் ஸ்ட்ரெய்த் என்ற அறுவை மருத்துவர், 1930களிலேயே டேஷ்போர்டுக்கு மெத்தை வைக்க வேண்டும், குமிழ்களை உள்ளடக்க வேண்டும் என்று வாதாடினார். வண்டியின் உட்புறம் மோதுபவரைக் காக்கும்படி அமைய வேண்டும் என்ற விதி அந்நாட்டில் 1968இல்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வண்டியில் பொடியாகி உதிர்ந்த மஞ்சள் பஞ்சு, எத்தனை முகங்களுக்குப் பின் வந்த பஞ்சு என்று எண்ணிப் பார்த்தோம்.

பார்சல் வந்தது. வேறொரு வண்டியில் இருந்த கறுப்பு டேஷ்போர்டு, 3,500 ரூபாய். சிறு கீறல்களைத் தவிரப் பழுதில்லை. அதில் ஒரு மீட்டரும் இருந்தது. ஆனால் அதன் எண் எங்கள் வண்டி ஓடிய தூரத்தைவிட மிகக் குறைவு. “அதை மாட்டினால் வண்டிக்கு வயது குறைந்ததுபோல் ஆகுமே” என்றாள் இளையவள். “பொய்க் கணக்கு நமக்கு வேண்டாம்” என்றார் அம்மா. ஆகவே எங்கள் பழைய மீட்டரையே துடைத்துப் புதிய டேஷ்போர்டில் பொருத்தினோம். பென்சில் எழுத்துள்ள மூடியையும் அப்படியே மாட்டினோம்.

இரண்டு நாட்களில் எல்லாம் முடிந்தது. எண்ணுக்கு எண் கப்ளர்களைச் சேர்த்தோம். இட்லித் தட்டின் குழிகள் காலியாயின. பேட்டரியை மாட்டினோம். அம்மா சாவியைத் திருப்பினார்.

முட்கள் முன்போலவே ஆடின! காலி டேங்க் நிறைந்ததாகக் காட்டிற்று. குளிர்ந்த எஞ்சின் கொதிப்பதாகக் காட்டிற்று. விளக்கைப் போட்டதும் எல்லாம் ஒன்றாகத் துள்ளின. முகம் மட்டுமே புதிது, பொய் பழையது! பத்து நாள் உழைப்பும் வீணாயிற்றே என்று எங்களுக்கு அழுகை வந்தது. “மீட்டர் செத்துப்போயிருக்கும்” என்றாள் மூத்தவள். புது மீட்டருக்குப் பணம் எங்கே?

அப்போது நாற்காலியிலிருந்து அப்பா ஏதோ சொல்ல முயன்றார். “ம... ம...” என்றார். முகம் சிவந்தது. கைத்தடியால் தரையை ஓங்கி ஓங்கித் தட்டினார். கோபம் என்று நினைத்து நாங்கள் பயந்து நின்றோம். அம்மா தண்ணீர் கொண்டுவந்தார், தள்ளிவிட்டார். மறுபடியும் தரையைத் தட்டினார். பிறகு குனிந்து, இடக்கையால் ஒரு பிடி மண்ணை அள்ளி எங்கள் முன் நீட்டினார்.

“மண்!” என்று கத்தினாள் இளையவள். “அப்பா மண் என்கிறார். எர்த்! எர்த் ஒயர்!”

அப்பா தலையை ஆட்டினார். கண்களில் நீர் வழிந்தது.

தோழியர் அறிய இதைச் சற்று விளக்குகிறோம். டீசல் டேங்கில் மிதவை ஒன்று உண்டு. எஞ்சின் தண்ணீரில் சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சிறு கருவி ஒன்று உண்டு. அவை அனுப்பும் செய்தியை முள்ளாகக் காட்டுவது மீட்டர். ஆனால் மீட்டரில் நுழைந்த மின்சாரம் வண்டியின் இரும்பு உடல் வழியே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழியே எர்த். அது அறுந்தால் மின்சாரம் கண்ட வழியில் சுற்றும். முட்கள் வாய்க்கு வந்ததைப் பேசும். ஒரு முள் மட்டும் பொய் சொன்னால் அதன் கருவியில் கோளாறு. எல்லா முட்களும் சேர்ந்து பொய் சொன்னால் எர்த்தைப் பார்! இதை அப்பா அறிந்திருந்தார். சொல்லத்தான் வாய் இல்லை.

டார்ச் விளக்குடன் காலடியில் படுத்துத் தேடினோம். கதவோரம், தகட்டில் ஒரு போல்ட்டின் அடியில் கறுப்பு ஒயர் ஒன்று. அதன் வளையம் பச்சைக் களிம்பு ஏறி, தொட்டதும் ஆடியது. கழற்றும் வேலையில் அதைத் தொடவேண்டி வராததால் நாங்கள் கவனிக்கவேயில்லை. உப்புத்தாளால் வளையத்தையும் தகட்டையும் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடுக்கி, உப்புக்காற்று படாமலிருக்க மேலே கிரீஸ் தடவினோம்.

அம்மா மறுபடி சாவியைத் திருப்பினார். டீசல் முள் கால் பங்கில் வந்து நின்றது. சூட்டு முள் அடியில் கிடந்தது. எஞ்சினை ஓடவிட்டோம். பத்து நிமிடத்தில் அது மெல்ல மெல்ல எழுந்து, நடுவுக்குச் சற்றுக் கீழே வந்து அசையாமல் நின்றது. விளக்கைப் போட்டோம், துள்ளவில்லை. நாங்கள் கைதட்டிக் குதித்தோம். அம்மா மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தடைக்காலம் முடிந்ததும் அம்மா ஓட்டத் தொடங்கினார். எஃப்.சி.யும் கிடைத்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், வல்லநாட்டுத் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டியதும் சூட்டு முள் நடுவைக் கடந்து மேலே ஏறிற்று. அம்மாவுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எந்த வாடையும் தெரியவில்லை. முள்ளை மட்டும் நம்பி வண்டியை ஓரங்கட்டினார். ரேடியேட்டர் ஹோஸின் கிளிப் தளர்ந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிடும் என்பதால் அரைமணி நேரம் காத்திருந்து, கிளிப்பை முடுக்கி, தண்ணீர் ஊற்றிப் புறப்பட்டார். மீன் சந்தைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிற்று. விலையும் சற்றுக் குறைந்தது. எஞ்சின் பிழைத்தது. எஞ்சின் போயிருந்தால் எங்கள் தொழிலே போயிருக்கும்.

வீடு திரும்பி அம்மா இதைச் சொன்னபோது அப்பா முழுவதையும் கேட்டார். பின்பு மெதுவாக, “முள்... நல்லது” என்றார். இரண்டு சொற்கள்! நோய் வந்தபின் அவர் சேர்த்துச் சொன்ன முதல் இரண்டு சொற்கள்.

இன்றும் ஒவ்வொரு இரவும் வண்டி புறப்படும்போது அப்பா திண்ணையில் வந்து உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். அம்மா முட்களைப் பார்ப்பார். அப்பா இடக்கையை உயர்த்தினால்தான் வண்டி நகரும். அவருடைய முகத்தின் வலப்பக்கம் இன்னும் முழுவதும் சரியாகவில்லை. முன்பின் அறியாதவர்கள் அந்த முகத்தைப் பார்த்து, ‘இவருக்கு ஒன்றும் புரியாதுபோலும்’ என்று எண்ணிவிடுகிறார்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது எப்போதும் உண்மையாகிவிடுவதில்லை. சில நேரம் உள்ளே எல்லாம் சரியாகவே இருக்கும். வெளியே சொல்லும் வழி ஒன்று மட்டும் அறுந்திருக்கும். அப்போது பொறுமையோடு அந்த வழியைத் தேடுவதே அருகில் இருப்பவர்களின் கடமை. ஒரு பழைய டேஷ்போர்டைக் கழற்றியதால் நாங்கள் கற்ற பாடம் இதுவே.

— சகோதரிகள் இருவர்,
11ஆம் வகுப்பு, 9ஆம் வகுப்பு